பின்னலை நம்பியவள்

தேக்கா கடைத்தெருவில் நான் கூந்தல் எண்ணெய் விற்ற கடைக்கு என் நீளப் பின்னல்தான் விளம்பரம். அது சவுரி என்பது முதலாளிக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

செம்பவாங்கிலிருந்து எண்ணெய் வாங்க வரும் சரசுவுக்கு எலிவால் முடி. அதுவும் கொட்டியது, உடம்பும் இளைத்தது.

“டாக்டர பாக்கவாக்கா?” என்றாள் ஒருநாள்.

“எதுக்கு லா? இதத் தேய்ச்சுத்தான் எனக்கு வளந்துச்சு” என்று பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக் காட்டினேன். நம்பினாள்.

ஐந்தாம் மாதம் அவள் கணவர் வந்தார்.

“சரசு போயிட்டா. வீட்ல கெடத்தியிருக்கு. பூ வச்சா நிக்க முடி இல்ல. சவுரி எங்க கெடைக்கும்?”

என் பின்னலைக் கழற்றி நீட்டினேன். அவர் என் தலையையும் எண்ணெய்ப் புட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். சவுரியை வாங்கிக்கொண்டு போனார்.

என் பொய்யில் பூ வைத்துக்கொண்டுதான் சரசு சுடுகாட்டுக்குப் போனாள்.