கொட்பிறி அங்கிளின் எழுத்தில்லாத சிப்

வெரிபீயில் எங்கள் பக்கத்து வீட்டுக் கொட்பிறி அங்கிள் மன்னார்க்காரர். குளிர்சாதனப் பெட்டி திருத்துவது தொழில். கசினோ மேசைகளில் காசுக்குப் பதிலாக வைப்பார்களே, அந்த வட்டச் சிப்களைச் சேர்ப்பதில் பைத்தியம். சூதாடுவாரோ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், கோபம் பொத்துக்கொண்டு வரும். லொத்தர்ச் சீட்டுக்கூட எடுக்காத மனுஷன்.

ஒரே மாதிரி இரண்டு சிப் கிடைத்தால் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். விளிம்பின் நிறம் மாறியிருந்தால் அது புது வகை. கீறலும் தேய்மானமும் வெறும் சேதம். "தொழிற்சாலையில வந்த வித்தியாசம்தான் கணக்கு. மனுசக் கை பட்டு வந்தது கணக்கில்லை" என்பார். சிப் சேர்ப்போர் சங்கத்தில் தீர்ப்புச் சொல்பவரே அவர்தான். எத்தனை பேரின் ஆசையில் மண் அள்ளிப் போட்டிருக்கிறார், பாவி!

ஆனால் அவருக்கென்று ஒரு புது வகை அகப்படவேயில்லை. அது மனுஷனுக்குப் பெரிய ஏக்கம். போன தை மாதம் பெட்டியைக் கிளறும்போது ஒரு பழைய சிப்பைக் கண்டார். அதன் ஒரு பக்கத்தில் தங்க எழுத்தே இல்லை! துள்ளிக் குதித்தார். அடுத்த சனிக்கிழமையே சங்கத்தாரை வீட்டுக்கு அழைத்தார். சிட்னி ஹோம்புஷிலிருந்து சங்க உறுப்பினர் நித்தியானந்தன்கூட விமானம் ஏறி வந்து இறங்கினார்.

நான் குசினியில் அவர் மனைவி அன்னமலர் அன்ரியோடு வடை பொரித்துக்கொண்டிருந்தேன். அங்கிள் அன்ரிக்குச் சிப்பைக் காட்ட ஓடிவந்தார்.

"இதுவோ? நத்தாருக்கு மெழுகுதிரித் தாங்கி மினுக்கேக்க இதையும் புளி போட்டுத் தேய்ச்சனான். ஒரே ஊத்தை" என்றார் அன்ரி.

அங்கிளின் முகம் செத்துவிட்டது. எனக்குப் பாவமாகப் போயிற்று.

"அங்கிள், சங்கத்து ஆக்களுக்குத் தெரியாதுதானே. பேசாமல் விடுங்கோ" என்றேன்.

அவர் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு எல்லாரும் இருந்த ஹோலுக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம்.

"இது தொழிற்சாலையின்ர வேலை இல்லை, என்ர மனிசியின்ர வேலை. சேதம்." சொல்லிக்கொண்டே சிப்பை மேசையில் வைத்தார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. நித்தியானந்தன்தான் இருந்த இடத்தில் நெளிந்தார்.

"அண்ணை, போன வருசம் என்ர சிப்பைப் புது வகை எண்டு ஒத்துக்கொண்டனீங்கள். அது… என்ர மகள் பற்பசை போட்டுத் தேய்ச்சது."

அங்கிள் தொப்பென்று கதிரையில் இருந்துவிட்டார். அன்ரி வடைத் தட்டோடு நித்தியானந்தனுக்குக் கிட்டப் போனார்.

"எந்தப் பற்பசை, தம்பி? புளியெண்டால் எனக்குக் கையெல்லாம் எரியுது."