ஐஸ் பெட்டி பெஞ்சமினைத் தேடுவது எப்படி

திருச்சி பாலக்கரையில் பெஞ்சமினைத் தெரியாதவர்கள் இல்லை. தெரிந்ததாகக் காட்டிக்கொள்பவர்களும் அதிகம் இல்லை. இருபத்திரண்டு வருடமாக ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவர் அவர். கேட்டால் சவப்பெட்டியும் செய்து தருவார், குருசும் வண்டியும் ஏற்பாடு செய்வார். காலையில் அவர் கடை ஷட்டரைத் தூக்கும்போது எதிரே வருகிறவர்கள் வணக்கம் வைக்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டே கடந்துபோவார்கள். வானத்தில் பார்க்கும்படியாக ஒன்றும் இருக்காது.

விளம்பரம் என்ற விஷயத்தை அவர் முயற்சி செய்யாமல் இல்லை. ஒரு வருடம், நகைக்கடையும் மளிகைக்கடையும் காலண்டர் கொடுக்கிறார்களே, நாம் என்ன குறைந்துவிட்டோம் என்று மாதா படம் போட்டு இருநூறு காலண்டர் அடித்தார். இலவசம் என்றால் காலி அட்டைப்பெட்டியைக்கூட விடாத ஜனங்கள் இதற்கு மட்டும் கை நீட்டவில்லை. வருடம் முழுக்க அந்தப் பெயரையும் போன் நம்பரையும் பார்த்துக்கொண்டே யார் இட்லி சாப்பிடுவது? நூற்றுத் தொண்ணூற்றொன்பது மிஞ்சியது. அவர் வீட்டில் தொங்கிய ஒன்றையும் மனைவி லூர்துராணி பிப்ரவரியில் கழற்றிவிட்டாள்.

அந்தத் தொழிலுக்கு வேறு ஒரு சங்கடமும் உண்டு. சாவு வீட்டில் நன்றி சொல்லக் கூடாது. போயிட்டு வரேன் என்றும் சொல்லக் கூடாது, சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும். மற்றவர்களுக்கு இது வருடத்தில் இரண்டு மூன்று தடவை ஞாபகம் வைக்க வேண்டிய வழக்கம். பெஞ்சமினுக்கு எல்லா வீடும் சாவு வீடு. இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒரு வாடிக்கையாளரிடமும் விடைபெற்றதில்லை. பெட்டியை எடுத்து வண்டியில் ஏற்றுவார், திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்.

இருந்தாலும் தொழில் ஓடியது. யாராவது போய்விட்டால் மாதா கோயில் உபதேசியார் முதலில் பங்குச் சாமியாருக்குப் போன் செய்வார், அடுத்தது பெஞ்சமினுக்கு. அதற்கு மேல் விளம்பரம் எதற்கு?

எதற்கு என்பது சகாயம்மாள் போன அன்று தெரிந்தது. மூன்றாவது வீட்டுக் கிழவி. பெஞ்சமினைப் பொடியனாக இருந்த நாளிலிருந்து பார்த்தவள். செய்தி கேட்டு அவர் வண்டியைத் தயார்செய்து கொண்டிருக்கும்போதே, தெருவுக்குள் ஒரு புது வேன் வந்து நின்றது. பைபாஸ் பக்கம் புதிதாகத் தொடங்கிய ஒரு கம்பெனியின் பெட்டி, சுற்றிலும் கல்யாண மண்டபம் மாதிரி நீல விளக்கு. தோஹாவில் இருந்த மகன் ஜோஸ் அங்கிருந்தே போனில் தேடி, வந்த முதல் நம்பருக்குப் பணம் கட்டிவிட்டான். ஏழு கடல் தாண்டியிருந்த போன் பைபாஸ் ரோட்டைக் காட்டியது, மூன்றாவது வீட்டைக் காட்டவில்லை.

அடக்கத்துக்கு வந்த ஜோஸ், கல்லறை வாசலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "தப்பா நினைக்காதீங்க அங்கிள். தேடினேன். உங்க பேரே வரல."

தப்பாக நினைக்காமல் எப்படி இருக்க முடியும்? தன் தெருச் சாவுக்கு, ஐஸ் பெட்டி பெஞ்சமின், வெறும் மாலையோடு போய் நின்றிருக்கிறார். வருமானம் போனது கூட அவருக்குப் பெரிதில்லை. தன் ஜனங்கள் கடைசிக் காரியத்துக்குத் தன்னைத் தேடிவர வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு வேண்டும். மற்றபடி அந்தத் தொழிலில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

மறுவாரமே தில்லைநகரில் பிரவீன்ராஜின் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தார். பிரவீன்ராஜ் வியாபாரங்களை கூகுளில் முதலிடத்துக்குக் கொண்டுவருகிறவன். பிரியாணிக் கடை, அழகு நிலையம், நீட் கோச்சிங், எதுவானாலும் அவனுக்கு ஒரே மருந்துதான், அளவு மட்டும் மாறும். அங்கே இருந்த ஏசியின் குளிர், பெஞ்சமினின் அனுபவத்தில், தேவைக்கு மேலே நான்கு டிகிரி. அவர் தொழிலைக் கேட்டதும் அவன் கொஞ்சமும் அசரவில்லை. போட்டி குறைவான துறை சார் என்றான், உற்சாகமாக.

முதலில் பெயரை மாற்றினான். 'பெஞ்சமின் ஐஸ் பெட்டி' என்றால் பிராண்டாக இல்லையாம். 'எடர்னல் பீஸ் ஃபேர்வெல் சொல்யூஷன்ஸ்' ஆனது. வெப்சைட்டில் மலைச்சாரல், புறாக்கள், சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பெஞ்சமின் கேட்டார். திருப்தியான வாடிக்கையாளர்கள் என்றான் பிரவீன்ராஜ். போன் நம்பரைப் புறா பறக்கும் படத்துக்குள்ளேயே வரைந்து வைத்தான், அழுத்தினால் போன் போகாது, பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். கடை நேரம் காலை ஒன்பது முதல் மாலை ஆறு, ஞாயிறு விடுமுறை. மேப்பில் கடையின் புள்ளியைக் கொண்டுபோய் மலைக்கோட்டை அடிவாரத்தில் வைத்தான், சுற்றுலா வருகிறவர்கள் கண்ணில் படுமாம். உச்சிப்பிள்ளையாரைப் பார்க்கப் படியேறுகிறவர்களுக்கு ஐஸ் பெட்டி எந்தப் படியில் தேவைப்படும் என்று அவன் சொல்லவில்லை.

பிறகு வாரம் ஒரு கட்டுரை. 'வெயில் காலத்தில் உடலைப் பாதுகாக்க எளிய வழிகள்' என்று ஒன்று. அது பிய்த்துக்கொண்டு போனது. மூன்று வாரத்தில் ஆயிரத்து இருநூறு பேர் வந்திருப்பதாக பிரவீன்ராஜ் வரைபடம் அனுப்பினான், கோடு ஏணி மாதிரி ஏறியது. போன் வந்ததென்னவோ நான்கே நான்கு. மூன்று பேர் கோயம்புத்தூரிலிருந்து வியர்க்குருவுக்கு வைத்தியம் கேட்டார்கள். நான்காவது, வெப்சைட் செய்துதரட்டுமா என்று கேட்ட இன்னொரு பிரவீன்ராஜ்.

லூர்துராணி தொடக்கப் பள்ளி ஆசிரியை. முப்பது வருடமாகச் சிவப்புப் பேனாவும் கையுமாக வாழ்கிறவள். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து, அந்த வெப்சைட்டை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தாள். படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏங்க, வீட்ல ஒருத்தங்க போயிட்டா, அந்த நேரத்துல யாராவது எடர்னல் பீஸ்னு தேடுவாங்களா?"

பெஞ்சமின் யோசித்தார். இருபத்திரண்டு வருடத்தில் போனில் கேட்ட குரல்களை எல்லாம் யோசித்தார். ஐஸ் பெட்டி இருக்கா என்பார்கள். படித்தவர்கள் ஃப்ரீசர் பாக்ஸ் என்பார்கள். எவ்வளவு நேரத்தில் வரும் என்பார்கள். சில பேர் ஒன்றும் சொல்ல முடியாமல் போனைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுவார்கள். ஃபேர்வெல் சொல்யூஷன் வேண்டும் என்று ஒரு ஜீவனும் கேட்டதில்லை.

அன்று மத்தியானம் சாப்பாடுகூட இல்லாமல், பிரவீன்ராஜ் கொடுத்திருந்த பாஸ்வேர்டைப் போட்டு, அவள் உட்கார்ந்து மாற்றினாள். பழைய பெயரே திரும்பி வந்தது. முதல் வரி: ஐஸ் பெட்டி, ஃப்ரீசர் பாக்ஸ், திருச்சி, ஸ்ரீரங்கம், மண்ணச்சநல்லூர். அடுத்த வரி, தொட்டால் போன் போகிற நம்பர். இருபத்திநான்கு மணி நேரமும் உண்டு, ஏனென்றால் சாவு ஒன்பதுக்கும் ஆறுக்கும் நடுவே மட்டும் வருவதில்லை. புள்ளியை மலைக்கோட்டையிலிருந்து இறக்கி, பாலக்கரையில் அவர்கள் ஷட்டரின் மேலேயே வைத்தாள். வெள்ளைக்காரர்களை அனுப்பிவிட்டு, கழுவித் துடைத்த அவர்கள் பெட்டியின் படத்தைப் போட்டாள். மூன்று மாதத்துக்கு பிரவீன்ராஜ் வாங்கிய காசில் இந்த வேலை எத்தனை மணி நேரம் என்று பெஞ்சமின் கணக்குப் போடவில்லை, போட்டால் பெட்டிக்குள் தானே படுக்க வேண்டியிருக்கும்.

பத்தாம் நாள் விடியலில் போன் வந்தது, அமெரிக்காவிலிருந்து. அம்மா ஸ்ரீரங்கத்தில் போய்விட்டாள், அப்பா தனியாக இருக்கிறார், நான் வந்து சேர இரண்டு நாள் ஆகும், ஃப்ரீசர் பாக்ஸ் ஸ்ரீரங்கம் என்று தேடினேன், உங்கள் நம்பர் வந்தது. பெஞ்சமின் காவிரிப் பாலம் தாண்டி அரை மணியில் அம்மா மண்டபம் ரோட்டு அப்பார்ட்மெண்டில் நின்றார். அங்கே வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பீமராவ், மனைவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். பெஞ்சமின் வழக்கமாகச் செய்வதையெல்லாம் செய்தார். மூன்றாம் நாள் மகன் வந்து உடலை எடுத்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட்டார்.

பெஞ்சமின் பேசவில்லை என்றால் என்ன, பிரவீன்ராஜ் பேசுவானே. பில்லில் உள்ள வாடிக்கையாளர் நம்பருக்குத் தானாகச் செய்தி போகிற மாதிரி அவன் எப்போதோ ஏற்பாடு செய்து வைத்திருந்தான். வெப்சைட்டைத் திருத்திய லூர்துராணிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நான்காம் நாள் காலை பீமராவின் போனுக்கு அது போய்ச் சேர்ந்தது. எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி, உங்கள் அனுபவம் எப்படி இருந்தது, ஐந்து நட்சத்திரம் தாருங்கள், அடுத்த முறை பத்து சதவீதம் தள்ளுபடி, மீண்டும் வருக. கடைசியில் கைகூப்பிய பொம்மை ஒன்று, கூடவே பலூன்.

பீமராவ் போன் செய்து, வந்து பார்க்கும்படி மட்டும் சொன்னார். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. பெஞ்சமின் பிரவீன்ராஜைக் கூப்பிட்டுக் கத்தினார். அவன் நிதானமாக, அது பிரியாணிக் கடைக்குப் போட்ட செய்தி சார், மாற்ற மறந்துட்டோம் என்றான். மீண்டும் வருக என்று பிரியாணிக்குச் சொல்லலாம். இருபத்திரண்டு வருடம் வாயைக் கட்டிக்கொண்டிருந்த மனுஷனை இப்படி ஒரு நிமிடத்தில் பேசவைத்து விட்டானே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது. இனி இந்த விஷயம் ஊருக்குத் தெரிந்தால் எந்த வீட்டு வாசலில் போய் நிற்பது?

ஸ்ரீரங்கத்துக்கு பஸ்ஸில் போனார். வண்டியில் போனால் அந்தத் தெருவில் இன்னொரு சாவு என்று நினைத்துவிடுவார்கள். கதவைத் திறந்த பீமராவ், உக்காருங்கோ என்று நாற்காலியைக் காட்டினார். பெஞ்சமின் உட்காரவில்லை. நின்றபடியே, தான் அனுப்பவில்லை என்றும், தன் பெயரில் வந்ததால் தன் தப்புதான் என்றும், மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

பீமராவ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனை எடுத்தார். "நட்சத்திரம் கேட்டிருந்தேளே. காலைல போட்டுட்டேன். ஒண்ணுதான் போட்டிருக்கேன்."

"அது போதும் சார்" என்றார் பெஞ்சமின். சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினார்.

பஸ் பாலத்துக்கு வரும்முன்பே பிரவீன்ராஜ் பதறிக்கொண்டு கூப்பிட்டான். முதல் மதிப்பெண்ணே ஒன்று, இது இருந்தால் கடை மேலே வராது, புகார் கொடுத்து எடுத்துவிடலாம், நம் ஆட்கள் ஐம்பது பேரை வைத்து ஐந்து ஐந்தாகப் போட்டு மூடிவிடலாம். படிச்சிட்டுச் சொல்றேன் என்று அவனை நிறுத்திவிட்டு, பெஞ்சமின் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். நட்சத்திரத்துக்குக் கீழே பீமராவ், வங்கியில் கடிதம் எழுதுகிற மாதிரி சுத்தமாக எழுதியிருந்தார்.

'அரை மணியில் வந்தார். செருப்பை வாசலில் விட்டார். போனை அணைத்து வைத்தார். என் மனைவியின் தலையைத் தூக்கும்போது, தூங்குகிறவளைத் தூக்குவதுபோல் கையை அடியில் கொடுத்தார். பெட்டிக் கண்ணாடியில் நீர் பூத்து முகம் மறையும், அப்போது துடைத்துக்கொள்ளுங்கள் என்று துவைத்து மடித்த வெள்ளைத் துணி ஒன்று கொடுத்துவிட்டுப் போனார். மகன் வரும்வரை துடைத்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தொரு வருடத்தில் அவளுக்காக என் கையால் நான் செய்த வேலை அது ஒன்றுதான். ஐந்து நட்சத்திரம் போட்டால் மறுபடி கூப்பிடுவேன் என்று அர்த்தம். இனி இவரைக் கூப்பிடும்படியாக இந்த வீட்டில் எனக்கு யாரும் இல்லை. அதனால் ஒன்று.'

பெஞ்சமின் பிரவீன்ராஜைத் திரும்பக் கூப்பிட்டார். அது அப்படியே இருக்கட்டும் என்றார், நீங்களும் அப்படியே இருந்துக்கங்க, இனிமேல் என் கடை வேலை வேண்டாம் என்றும் சொன்னார். ஒரு நட்சத்திரத்தோடு எந்தத் தொழிலும் உருப்பட்டதில்லை என்று அவன் எச்சரித்தான். அவனுக்குத் தெரிந்த தொழில்களில் அது உண்மையாக இருக்கலாம்.

ஒரு மாதம் போலப் போனது. லூர்துராணி திருத்திய பக்கத்தில், முதல் வரிக்குக் கீழே, அந்த ஒற்றை நட்சத்திரமும் அந்தக் கடிதமும் கிடந்தன. ஒரு சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. பெண் குரல்.

"அங்கிள், அடுத்த தெரு ஃபெமினா பேசறேன். அப்பா போயிட்டாங்க. போன்ல தேடினேன், உங்களதப் படிச்சேன். அந்தத் துணி எங்களுக்கும் குடுப்பீங்கள்ல?"

குடுப்பேம்மா என்றார் பெஞ்சமின். அடுத்த தெரு, நடந்தால் நான்கு நிமிடம். அங்கே போய்ச் சேர அவர் பெயர் அமெரிக்கா வரை போய், ஸ்ரீரங்கம் வழியாகத் திரும்ப வேண்டியிருந்திருக்கிறது. அதைப் பற்றிக் கசப்புப்பட அவருக்கு அப்போது நேரமில்லை. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். லூர்துராணி இஸ்திரி போட்டு அடுக்கியிருந்ததிலிருந்து ஒரு துணியை எடுத்து நீட்டினாள்.

"அவங்க வீட்ல மூணு பொண்ணுங்க ராணி" என்றார். "மூணா குடு."