ஒப்பனை: மாதேஸ்வரன்

முள்ளுக்குறிச்சி மாதேஸ்வரன் சினிமாவில் மேக்கப் போடப் போனது தொண்ணூற்றேழில். பக்திப் படத்தில் சாமிக்கு நீலம் பூசினான். பேய்ப் படத்தில் ஒருத்திக்குக் கோரைப்பல் ஒட்டினான். சண்டைப் படத்துக்குத் தேனில் சாயம் கலந்து ரத்தம் செய்தான். மொய்க்கும் ஈயை ஓட்டுவதும் அவன் வேலைதான். குடும்பப் படத்தில் கிளிசரின் போட்டு அழவைத்தான். ஆறு வருடம் நாயாக உழைத்தும் திரையில் வந்தது பெரிய மேக்கப்மேனின் பெயர் மட்டுமே.

இரண்டாயிரத்து மூன்றில் கொல்லிமலையில் ஒரு படம். இதில் உன் பெயரைத் தனியாகப் போடுகிறேன் என்றார் டைரக்டர். பக்கத்து ஊர்க்காரன் என்று ஆள் சேர்க்கும் வேலையையும் அவன் தலையில் கட்டினார்கள். மலைமேல் பெரக்கரை நாடு என்கிற ஊர்களுக்குப் போனவன், படம் பிடிக்கிறார்கள், கோயில் நோம்பிக்கு உடுத்தி வருகிற மாதிரி வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தான். படம் பிடிப்பதற்கு அந்தப் பக்கத்தில் வேறெப்படிக் கூப்பிடுவார்கள்?

முப்பது பேர் தலைக்குக் குளித்து, பெட்டியிலிருந்த வேட்டி சேலை கட்டி வந்தார்கள். டைரக்டர் முகம் கோணியது. காட்டுவாசி கேட்டால் கல்யாணக் கோஷ்டியையா கூட்டி வந்தாய் என்று கத்தினார். கரியைப் பூசித் தழையைக் கட்டு, முடியாவிட்டால் நாளைக்கு வேறு ஆள் வருவான் என்றார். மிளகும் மரவள்ளியும் போட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் சனங்கள். தழை கட்டிய ஒருவரையும் மாதேஸ்வரன் கண்டதில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. திரையில் வரவேண்டிய பெயர் போய்விடுமே. தூ, என்ன பிழைப்பு!

முதலில் வந்து உட்கார்ந்தவள் பாவாயி என்ற மிளகுத் தோட்டக்காரி. மஞ்சள் தேய்த்த முகம்.

"நல்லாத் தெரியற மாதிரி செஞ்சு உடு சாமி," என்றாள்.

அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்து அந்த மஞ்சளின் மேலேயே இழுத்தான். அடுத்து உட்கார்ந்த தன் புருஷன் முகத்தில் கரி ஏறுவதைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. மாதேஸ்வரனுக்குத் தன் கையைத் தொடவே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் முப்பது பேருக்கும் பூசி முடித்தான்.

படம் சேந்தமங்கலம் கொட்டகைக்கு வந்தது. மாதேஸ்வரன் போய் உட்கார்ந்தான். அவனுக்கு முன் வரிசையில் பாவாயி. அம்மாவைத் திரையில் பார்த்தே தீரவேண்டும் என்று மகள் கலைச்செல்வி இழுத்து வந்திருந்தாள். அவன் பெயர் தனியாக, பெரிதாக வந்தது. பிறகு கரி பூசிய கூட்டம் ஈட்டியோடு குதித்தது. கொட்டகையே சிரித்தது. கலைச்செல்வியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நீ எப்பம்மா வருவே?" என்று கேட்டாள்.

இடைவேளையில் மகள் முறுக்கு வாங்கப் போனதும் பாவாயி பின்னால் திரும்பினாள்.

"பெத்த புள்ளைக்கே அடையாளந் தெரியாமப் பூசியிருக்கே சாமி. அது நாந்தான்னு அவகிட்டச் சொல்லிப்போடாத."