இருபத்திரண்டு கிலோ ஸ்பிரிங்

எங்கள் பக்கத்தில் வளைகுடாவிலிருந்து ஒருவன் லீவுக்கு வந்தால் யாரும் முதலில் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. பெட்டியைத்தான் பார்ப்பார்கள். நைலான் கயிற்றால் வரிந்து கட்டி மார்க்கரில் பெயர் எழுதிய அட்டைப்பெட்டி. உள்ளே செண்டும் பேரீச்சம்பழமும் பால்பொடியும் இருந்தால், வந்தவன் இரண்டு மாதத்தில் திரும்பிப் போய்விடுவான். மிக்சி, கம்பளி, டிரில்லிங் மெஷின் என்று இருந்தால், விசாவை கேன்சல் செய்துவிட்டு வந்திருக்கிறான். எங்கள் ஊர் அருமனைப் பெண்கள் இதில் தவறுவதே இல்லை, கயிறு அவிழ்த்து முடிவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். இந்தப் பெட்டி ஜோசியத்தை எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன். கடைசியில் நானே பெட்டியைப் பார்த்து ஏமாந்தேன்.

என் கணவர் அங்கே ஒரு வொர்க்‌ஷாப்பில் கார்களுக்கு சஸ்பென்ஷன் வேலை பார்க்கிறார். கல்யாணத்தின்போது ஐந்து வருஷம் என்றார். ஐந்து பதினொன்றாகிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு ஒரு லீவு, ஒரு லீவுக்கு இரண்டு மாதம். கூட்டிப் பார்த்தால் நாங்கள் சேர்ந்து வாழ்ந்தது ஒரு வருஷம்கூடத் தேறாது.

போன லீவில் அவர் திருவனந்தபுரத்திலிருந்த ஒரு டாக்டரிடம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். சிவப்பு நிறம், ஜப்பான் வண்டி, இரண்டே கதவு, இரண்டே சீட்டு. என் மாணவர்களைவிட அதற்கு வயது அதிகம். விளக்கைப் போட்டால் இரண்டு கண்ணும் தூக்கம் கலைந்ததுபோல மேலே எழும்பும். மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். நான் சரி என்றேன். காரணம், அவர் அன்றைக்குச் சொன்னது.

"அடுத்த லீவுல வந்து இதைச் செரியாக்கிட்டா பின்ன நான் எங்கயும் போகல்ல, கேட்டியா. இஞ்ச நம்ம ரோட்டுமேல ஒரு வொர்க்‌ஷாப்பு போட்டுட்டு இருந்துருவேன்."

அந்தப் பேச்சை நம்பித்தான் இரண்டு வருஷம் கார் ஷெட்டைப் பெருக்கினேன். வாரம் ஒருமுறை தார்ப்பாயை உதறி, எலி ஏதும் ஒயரைக் கடித்திருக்கிறதா என்று பார்த்தேன்.

இந்த முறை பெட்டி திறக்கும்போது மாமியாரும் அக்கம்பக்கத்துப் பெண்களும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கயிறு அவிழ்ந்தது. உள்ளேயிருந்து ஒன்றன்பின் ஒன்றாக நான்கு கறுப்பு அட்டை டப்பாக்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு ஷாக் அப்சார்பர், அதைச் சுற்றி மஞ்சள் ஸ்பிரிங், உடம்பெல்லாம் திருகாணிக்குப்போல மரை வெட்டியிருந்தது. காயில் ஓவர் என்றார். மரையில் ஒரு வளையம் இருக்கிறது. அதைத் திருகினால் வண்டியை ஏற்றலாம், இறக்கலாம். தலையில் ஒரு சின்னக் குமிழ், அதைத் திருப்பினால் கடினமாக்கலாம், மிருதுவாக்கலாம். எல்லாம் சேர்த்து இருபத்திரண்டு கிலோ. விமானத்தில் கொடுத்த முப்பது கிலோவில் மீதி எட்டில் அவர் துணிமணியும் ஒரு டப்பா பால்பொடியும் நாலு சோப்பும்.

மாமியார் ஒரு ஸ்பிரிங்கைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "ஏலே மக்கா, நாட்டுல இரும்பு கிட்டாமலா நீ இதை ஏரோப்ளேன்ல சொமந்துட்டு வந்த?"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்கள். அவர்கள் கணக்கில் இது எந்த வகையிலும் சேராத பெட்டி. எனக்கு மட்டும் நெஞ்சு நிறைந்துவிட்டது. போகிறவன் செண்டு கொண்டுவருவான். இருபத்திரண்டு கிலோ ஸ்பிரிங்கைச் சுமந்து வருகிறவன் இருக்கத்தானே வருகிறான். "வெச்சு ஓட்டத்தானே மாமி கொண்டு வந்திருக்காரு" என்று நான்தான் பரிந்து பேசினேன். அன்றைக்கு மாமியாரோடு இரண்டு வேளை பேச்சு முறிந்தது.

இரண்டு வாரம் அவர் வண்டிக்கு அடியிலேயே கிடந்தார். பழைய போல்ட்டுகள் துருவேறி இறுகியிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி, ஊறவைத்து, சுத்தியலால் தட்டித் தட்டிக் கழற்றினார். பள்ளிவிட்டு வந்ததும் நான் ஸ்பானரில் பதினேழு எடுத்துக் கொடு, பத்தொன்பது எடுத்துக் கொடு என்ற ஏவலுக்கு நின்றேன். ஜாக்கி வைக்கும் இடம், தூக்கிய வண்டியைத் தாங்க ஸ்டாண்டு கொடுக்கும் இடம், வளையத்தைத் திருகும் கொக்கி ஸ்பானர் எல்லாம் எனக்கு அத்துபடியானது. சந்தோஷமாகத்தான் இருந்தேன். பொய் சொல்வானேன்.

நான்கும் பூட்டியபின் உயரம் பார்க்கும் நாள் வந்தது. ரப்பர் பாலை உறையவைத்து, வீட்டில் புகைபோட்டு வைத்திருந்த ஷீட்டுக் கட்டுகளைத் தராசில் நிறுத்து, எண்பத்திரண்டு கிலோ வந்ததும் தூக்கிக்கொண்டுபோய் டிரைவர் சீட்டில் அடுக்கினார். ஷெட்டெல்லாம் ஷீட்டு நாற்றம். என்னவென்று கேட்டேன்.

"டிரைவருக்க பாரம். ஆளு இருக்கும்போ வண்டி நாலு பக்கமும் ஒப்பமா நிக்கணும். அதுக்காச்சுட்டி."

"எனக்க பாரம் வைக்காண்டாமா?"

"நீ எப்பவாவதுதானே ஏறுவ" என்று சொல்லிவிட்டு, டேப்பைச் சக்கரத்தின் நடுவில் பிடித்து மட்கார்டு விளிம்புவரை அளந்தார். என்னை மறுமுனையைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை திற்பரப்பு அருவிக்குப் போனோம். வளைவுகளில் வண்டி ஒருபக்கம் சாயாமல் ஒட்டிக்கொண்டே போனது. குழி வந்தால் மட்டும் முதுகெலும்பில் தெரிந்தது, நம் ரோட்டில் குழி வராத இடம் எது. மூன்று இடத்தில் நிறுத்தி, இறங்கி, குமிழை இரண்டு இரண்டு சொடுக்காகத் திருப்பிவிட்டு வந்து ஓட்டினார். ஒவ்வொரு முறையும் "இப்போ எப்படி இருக்கு?" என்று என்னிடம் கேட்டார். பதினோரு வருஷத்தில் ஒரு விஷயத்தை இத்தனை அக்கறையாக அவர் என்னிடம் கேட்டதில்லை. அருவிக்கு முந்தின வேகத்தடையில் வண்டி வயிறு உரசியது. அவர் இறங்கி, ரோட்டில் படுத்து, அடியில் தடவிப் பார்த்தார். பின்னால் சுற்றுலா வேன்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். எழுந்து வந்தவரிடம், வொர்க்‌ஷாப்புக்கு இடம் பார்க்கப் போக வேண்டாமா என்று கேட்டேன். "பாப்போம்" என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் இன்னும் மூன்று வாரம் ஓட்டினேன்.

லீவு முடிய ஒரு வாரம் இருந்தது. பள்ளியிலிருந்து வந்து பார்க்கிறேன், வண்டி நான்கு ஸ்டாண்டில் ஏறி நிற்கிறது. சக்கரங்கள் தரையில் படவில்லை. அவர் மரையில் கிரீஸ் பூசி, அதன்மேல் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, கம்பியால் கட்டிக்கொண்டிருந்தார். குமிழ்களை எல்லாம் கடைசிவரை மிருதுவாக்கியிருந்தார்.

"என்னத்துக்கு இது?"

"மழைக்கு மரை பிடிச்சிரக்கூடாது பாரு. பிடிச்சா பின்ன திருக ஒக்காது."

"தெனம் ஓட்டுற வண்டிக்க மரை எப்படிப் பிடிக்கும்?"

அவர் கம்பியை முறுக்கிக்கொண்டே இருந்தார். நான் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றேன்.

"டிக்கெட்டு எப்ப எடுத்திய?"

"அங்கேருந்தே ரிட்டனாத்தான் எடுத்தேன். சேத்து எடுத்தா கொறவு."

பெட்டி கட்டுவதற்கு முன்பே எடுத்தாகிவிட்டது. இங்கே நான் மாமியாரோடு சண்டை போட்டது, ஸ்பானர் எடுத்துக் கொடுத்தது, திற்பரப்பு ரோட்டில் இப்போது நன்றாக இருக்கிறது என்று குழைந்தது, எல்லாவற்றுக்கும் முன்பே அந்தத் தேதி அவர் போனில் இருந்திருக்கிறது. கொஞ்சம் விலை குறைவு என்பதற்காக.

அழுதேனா என்றால் இல்லை. அழுகை வந்தால் அவருக்குச் சௌகரியம், சமாதானம் சொல்லித் தப்பித்துவிடுவார். "பின்ன ஸ்டாண்டு எதுக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

இதற்குப் பதில் சொல்ல அவருக்குத் தயக்கமே இல்லை. முகம்கூடத் தெளிந்தது. "ரெண்டு வருஷம் ஒரே பாரத்தைத் தாங்கிட்டே நின்னா ஸ்பிரிங் தளந்து போவும்டி. பாவம், தூக்கி வெச்சா அதுக்கும் ஒரு ஆசுவாசம்."

பாவம் என்று சொன்னார். ஸ்பிரிங்கை. நான் பதினோராம் வகுப்புக்கு வருஷாவருஷம் நடத்தும் பாடம் இது. மீட்சி எல்லைக்குள் இருக்கிற ஸ்பிரிங், எத்தனை நாள் பாரம் தாங்கினாலும் பாரத்தை எடுத்தால் பழைய நீளத்துக்கு வந்துவிடும். இதை அவரிடம் சொல்லவில்லை. உள்ளே போய்ச் சோறு வைத்தேன்.

அவர் போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து, சேலையை மாற்றிக்கொண்டு ஷெட்டைத் திறந்தேன். ஜாக்கியை அவர் வைக்கும் இடத்திலேயே வைத்துத் தூக்கி, ஸ்டாண்டை உருவி, மெல்ல இறக்கினேன். ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கம். மாமியார் வாசலில் வந்து நின்று பார்த்தார். பிறகு உருவிய ஸ்டாண்டுகளைச் சுவரோரம் நகர்த்தி வைத்தார். நான்கு ஸ்பிரிங்கும் பாரம் வாங்கி அமுங்கின. டேப்பை எடுத்து அளந்தேன். டிரைவர் பக்கம் அரை சென்டிமீட்டர் உயர்ந்து நின்றது. அந்த சீட்டில் ஆள் இல்லை, நிற்காமல் என்ன செய்யும்.

அன்று சாயங்காலம் கூப்பிட்டார். சாப்பிட்டாயா என்று கேட்டார், அடுத்தது வண்டி.

"ஸ்டாண்டுலதானே நிக்குது?"

"இல்ல. எறக்கி விட்டுட்டேன்."

"என்னத்துக்குட்டி? ரெண்டு வருஷம் அப்படியே நிக்குமா?"

"நிக்கட்டு. நான் நிக்கலியா. வரும்போ நீங்களே அளந்து பாருங்க, தளந்திருக்கா இல்லியான்னு."

அவர், மாதம் ஒருமுறை டயரில் காற்றாவது பார்த்துக்கொள்ளச் சொன்னார்.