தட்டி இறக்கிய கடைவீதி

அரியலூரை விட்டு நடந்துகொண்டிருந்தேன். சுண்ணாம்புக்கல் உடைக்கிற வேலை; எனக்கும் மேஸ்திரிக்கும் ஒத்துவரவில்லை. யார் யாரை விட்டது என்பது இப்போது எதற்கு? தோளில் துணிப்பை, வயிற்றில் முந்தின நாள் கஞ்சி. எழுபதுகளின் கடைசி. பெரம்பலூர் போனால் ஏதாவது கிடைக்காதா என்று ஒரு நினைப்பு.

பாதி வழியில் ஒரு கடைவீதி. ஊர்ப் பெயர் வேண்டாம் — அந்த ஆட்கள் இன்னும் அங்கேதான் கடை வைத்திருக்கிறார்கள், இந்தப் பத்தியையும் படிக்கிறார்கள். ஒரு டீ குடிக்கலாம் என்று போனால் டீக்கடை பூட்டு. மளிகை பூட்டு. சைக்கிள் கடையும் பூட்டு. நடுப்பகலில் ஒரு ஊரே செத்துப்போகுமா என்ன?

சாகவில்லை. கோபித்துக்கொண்டிருந்தது.

அங்கே ஒவ்வொரு கடைக்கு முன்னாலும் ஒரு கீற்றுத் தட்டி உண்டு. கம்பு கொடுத்துத் தூக்கி நிறுத்தினால் ரோட்டில் நிழல் விழும். அந்த நிழலில்தான் வியாபாரம். புதிதாக வந்த டவுன் பஞ்சாயத்து நிர்வாக அதிகாரி, தட்டிகளால் ரோடு குறுகிவிட்டது, பஸ் திரும்ப முடியவில்லை, எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு நேரில் பார்க்க வருகிறார். வியாபாரிகள் சங்கம் அதற்காகத்தான் கடையடைப்பு நடத்துகிறது.

சங்கத் தலைவர் இரும்புக்கடை கதிரேசன். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்தார்.

"தம்பி, சும்மாதானே போறே? வந்து வரிசையில நில்லு. ஆளு கம்மியாத் தெரியுது."

கடையடைப்பு என்றதும் பாதி வியாபாரிகள் பெரம்பலூருக்கு சினிமா பார்க்கப் போய்விட்டார்களாம். எனக்கென்ன, நின்றேன். வழிப்போக்கனாக வந்தவன் கண்மூடித் திறப்பதற்குள் வியாபாரி.

எனக்குப் பக்கத்தில் ராசாத்தி அக்கா. வளையல், ரிப்பன், சாந்து விற்கிறவர். மற்றவர்களுக்குத் தட்டிக்குப் பின்னால் ஒரு கடை இருந்தது. அக்காவுக்குத் தட்டியே கடை. இரும்புக்கடையின் பக்கச் சுவரில் கட்டியிருப்பார், கீழே ஒரு சாக்கு விரிப்பார், அவ்வளவுதான். "இவங்களுக்கெல்லாம் நெழலுதான் போவும். எனக்குப் பொழப்பே போயிடும்" என்றார், அடுத்த வீட்டுச் செய்தி சொல்வது மாதிரி.

ஜீப் வந்தது. அதிகாரி இறங்கினார். ரோட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார். முகம் மலர்ந்தது.

ஏன் மலராது? கடையடைப்பு என்றால் முழுசாக அடைக்கணும் என்று தலைவர் கட்டளை போட்டிருந்தார். ஆகவே எல்லோரும் தட்டியையும் இறக்கிக் கட்டிவிட்டார்கள். ரோடு அகலமாக, துடைத்துவிட்டது மாதிரி, ஜம்மென்று கிடந்தது. அந்த நேரம் பார்த்து பஸ் வேறு வந்து, ரிவர்ஸ் எடுக்காமல் ஒரே வளைவில் திரும்பி நின்றது. டிரைவர் அதிகாரியைப் பார்த்து ஒரு சலாம்.

"இவ்வளவு பெரிய ரோடா இது? இப்படியே இருக்கட்டுமேய்யா" என்றார் அதிகாரி.

தலைவர் முகத்தைப் பார்க்கணுமே... தட்டிகளை எடுக்க வேண்டிய காரணத்தை நாங்களே துலக்கிக் காட்டியிருந்தோம். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. அதிகாரி என் பக்கம் திரும்பினார். "உனக்கு என்ன கடை?"

"இன்னும் வைக்கலைங்க."

வரிசை முழுக்கச் சிரித்துவிட்டது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை.

அதற்குள் பஸ்ஸிலிருந்து சனம் இறங்கியது. சித்திரை வெயில். ஒதுங்க ஓர் இடமில்லை. கைப்பிள்ளைக்காரி, கோழிக் கூடைக்காரர், கல்யாணத்துக்குப் போகிற ஒரு குடும்பம் — அத்தனை பேரும் கண்ணில் பட்ட ஒரே நிழலுக்கு ஓடினார்கள். அது அதிகாரியின் ஜீப் நிழல். ஓர் ஆடும் வந்து சேர்ந்துகொண்டது. அதிகாரி உள்ளே ஏறப் பார்த்தார், கதவையே காணோம். வழுக்கைத் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு நடுரோட்டில் நின்றார்.

ராசாத்தி அக்கா யாரையும் கேட்கவில்லை. தட்டியை அவிழ்த்தார். என்னைப் பார்த்து, கம்பைக் குடுடா என்றார். தூக்கி நிறுத்தினோம்.

"சார், செத்த இப்படி வந்து நில்லுங்க."

வந்தார். பின்னாலேயே பஸ் கூட்டமும் வந்தது. நெரிசலில் கைக்குட்டையை எடுத்து முகம் துடைத்தார். அப்போதுதான் அக்கா சொன்னார்: "இதாங்க சார் என் கடை. இதைத்தான் எடுக்கச் சொல்றீங்க."

அதிகாரி தலைக்கு மேலே இருந்த கீற்றை அண்ணாந்து பார்த்தார். பிறகு அங்கே நின்றபடியே பேரம் ஆரம்பித்தது. தனியாளாக ஆபீஸுக்குப் போனால் அப்புறம் வா என்பார்கள். பத்துப் பேராகப் போனால் என்னய்யா வேணும் என்று கேட்பார்கள். சங்கம் என்பது அந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் உள்ள தூரம்தான். முடிவில் தட்டி இருக்கலாம் என்றானது. ஆனால் காலையில் ஏற்றி, விளக்கு வைக்கும் நேரத்தில் இறக்கிவிட வேண்டும். பஸ் திரும்புகிற முனையில் மட்டும் தட்டியே கூடாது. சாயங்காலத்துக்கு மேல் ஒரு தட்டி நின்றாலும் எல்லாமே போகும்.

ஜீப் போனதும் சண்டை. அடுத்தவன் இறக்காமல் நானா முதலில் இறக்குவது? கடைசி கிராக்கி அவனுக்குப் போய்விடாதா? சரி, எல்லாத் தட்டியையும் ஏற்றி இறக்கச் சங்கமே ஓர் ஆளைப் போடட்டும் என்றார்கள். மளிகைக்காரர் மைத்துனனைச் சொன்னால் சைக்கிள்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. சைக்கிள்காரர் பங்காளியைச் சொன்னால் மளிகைக்காரர் எழுந்து போனார்.

"இந்த ஊர்ல யாருக்கும் மாமன் மச்சான் இல்லாத ஒருத்தன்தான் வேணும்" என்றார் தலைவர்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அந்த ஊரில் மட்டுமா இல்லை?

மறுநாள் விடிந்ததும் கம்பும் கையுமாகக் கிளம்பினேன். முதல் தட்டி ராசாத்தி அக்காவுடையது. அப்புறம் ஒவ்வொன்றாக வீதி முழுக்க நிழல் தூக்கிக் கொடுத்துக்கொண்டே போனேன் — வெயிலில் நின்றபடி.