அகத்தீனாவின் மோவாய்

எட்னா எரிமலை துப்பிய கரும்பொடியைப் படிக்கட்டிலிருந்து பெருக்கித் தள்ளிக்கொண்டே, மாளிகை வாங்க வந்தவர்களுக்கு ஆளுயரக் கண்ணாடியின் விரிசலைத் துடைப்பக் கட்டையால் காட்டுவாள் அகத்தீனா. "முதல் மார்க்கியோட பெண்டாட்டி செருப்பை விட்டெறிஞ்சது. குறி வச்சது புருஷனுக்கு."

அவள் துடைப்பம் எட்டும் உயரத்தில்தான் அந்தப் பிரபு குடும்பத்தின் வரலாறு முழுவதும் இருக்கிறது. குதிரை லாயத்தைக் காட்டி, சீட்டாட்டத்தில் போன வண்டியைச் சொல்வாள். விருந்துக்கு வந்து திரும்பிப் போக மறந்த பிஷப்புக்கு ஒரு தூண் உண்டு. யாராவது சிரித்தால் முகம் சிவந்து, வேகமாகப் பெருக்குவாள்.

கத்தானியா நகரில் அந்த மாளிகைக்கு அவள்தான் வாயில்காரி. வாசலை ஒட்டிய ஒற்றை அறையில் அவள் கட்டிலும் அடுப்பும் இருக்கின்றன. வருகிறவர்கள் எல்லாம் ஓட்டல் முதலாளிகள். அறைக்குள் எட்டிப் பார்த்து, "வரவேற்பு மேசையை இங்க போட்டுடலாம்" என்பார்கள். விற்றுவிட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை.

நடனக்கூடத்தின் கூரை ஒழுகும். விதானத்தில் தீட்டிய தேவதையின் குதிகாலிலிருந்து மழைநீர் சொட்டும். கீழே அகத்தீனா தன் பாஸ்தா சட்டியை வைப்பாள். மாளிகைக்குச் சொந்தக்காரரான கிழ மார்க்கி அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஒழுகலைப் பத்தி நீ வாயே திறக்கக் கூடாது. புனித ஆகத்தா மேல சத்தியம் பண்ணு."

"சத்தியம், எசமான்."

பிறகு வடக்கே மிலான் நகரத்திலிருந்து ஒருவர் வந்தார். "கூரை ஒழுகுமாம்மா?" வாய் திறக்கக் கூடாதே! ஊரில் எல்லோரும் 'இல்லை' என்பதற்குச் செய்வதுபோல, மோவாயை மேலே வெட்டினாள். அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உண்மையைச் சொன்னீங்களே, ரொம்ப நன்றி!" போனவர் திரும்பவில்லை.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எதிர்க்கடை ரொட்டிக்காரி நூன்சியாதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடி மக்கு! மிலான்ல மோவாயைத் தூக்கினா 'ஆமா'ன்னு எடுத்துக்குவாங்கடி! எசமானுக்காகப் பொய் சொல்லப் போயி, உண்மையைச் சொல்லிட்டு நிக்கிறே!"

போன வாரம் இன்னொரு மிலான்காரர் வந்தார். இம்முறை மார்க்கியே கூட நின்றார். நடனக்கூடத்தில் வந்தவர் அண்ணாந்து பார்த்தார். "மழைக்கு ஒழுகுமா?"

மார்க்கி அகத்தீனாவைப் பார்த்தார். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு, இருவருக்கும் நன்றாகத் தெரியும்படி, மோவாயை மெல்ல உயர்த்தினாள்.