வலைக் குண்டில் நின்ற ஈரம்

ரேடியோவில் காற்று நிலவரம் கேட்டுவிட்டுத்தான் என் வீட்டுக்காரர் கடலுக்குப் போவார். தொண்டி உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. ஒருநாள் பாட்டரியிலிருந்து ரேடியோவுக்குப் போகும் கம்பி களிம்பேறி அறுந்துவிட்டது.

மாலைச் செய்திக்கு அரைமணி நேரம்தான் இருந்தது. தகரக்கடைக்காரர் ஈயம் வைத்து ஒட்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், நானே ஒட்டிவிடலாம் என்று துணிந்தேன். பாட்டரியைக் கழற்றி வைத்தேன். கம்பிகளைச் சுரண்டி, சேர்த்து முறுக்கினேன். ஈயத்துக்கு, காலையில் கரைக்கு வந்த வலையின் அடிக்கயிற்றில் கனத்துக்குக் கோத்திருந்த இரண்டு ஈயக் குண்டுகளை அறுத்தெடுத்தேன்.

முதல் குண்டு இரும்புக் கரண்டியில் உருகியது.

"ஏ புள்ள, ஈரமா இருக்கப்போகுது, பாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

"மேல காஞ்சிருச்சுங்க, நேரமாவுது" என்று இரண்டாவதையும் போட்டேன்.

பட்டென்று வெடித்தது. கயிறு கோத்த துளைக்குள் கடல்தண்ணீர் நின்றிருக்கிறது. உருகிய ஈயம் தெறித்து முகத்தில் அடித்தது. கன்னம் எரிந்தது. வலது கண்ணில் எதுவும் தெரியவில்லை.

"கண்ணு போச்சுங்க" என்றேன்.

அவர் என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வெளிச்சம் தெரிந்தது. ஈயம் கண்ணாடியில்தான் படிந்திருந்தது.

அன்று அவர் கடலுக்குப் போகவில்லை.

இப்போது ஒரு பகல் முழுக்க அடுப்போரம் காயவைக்காத ஈயத்தை நான் உருக்குவதில்லை. அடுப்பு மூட்டுவதற்கு முன்பே கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன். அன்றும் போட்டிருந்தேன், ஆனால் கண்ணுக்குப் பயந்து அல்ல. கம்பி சரியாகத் தெரியவில்லை என்பதற்காகத்தான்.